வெளியே தொங்கிய பூட்டு

கொலை செய்தது அவளுடைய புருஷன்தான் சார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இமைக்காமல் பஸ் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், நடுவில் ஒருவன் முடிவைச் சொன்னால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் இந்த வண்டி இப்போதைக்கு நகரப்போவதில்லை. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்துவிட்டால் அதை நிமிர்த்துகிறவரைக்கும் இறங்குகிற பக்கம் ஒரு வண்டியும் அசையாது. ஏசி வண்டி, ஜன்னலும் திறக்காது. இந்தப் படம் முடிந்தால் திரும்பவும் இதையேதான் போடுவார்கள். அதனால் சொல்லிவிட்டேன்.

எப்படித் தெரியும் என்றா கேட்கிறீர்கள்? அந்தப் பால் டம்ளரைப் பாருங்கள். எஸ்டேட் பங்களாவில் அவள் தனியாக இருக்கிறாள், மாடியில் காலடிச் சத்தம் கேட்கிறது என்கிறாள், யாரும் நம்பவில்லை. போலீஸ்காரன் குடிகாரன். டாக்டர் ஒரு மாதிரி பார்க்கிறான். தோட்டக்காரனுக்கு ஒரு கண் இல்லை. இவர்கள் எல்லாரையும் சந்தேகப்படும்படி காட்டுகிறான் அல்லவா, அப்படியானால் இவர்கள் இல்லை. புருஷன் மட்டும் மஞ்சள் போட்டுப் பால் கொண்டுவந்து, "குடிச்சிட்டுத் தூங்கும்மா, நான் இருக்கேன்ல" என்கிறான். தீர்ந்தது. இந்திக்காரன் இப்போது எடுக்கிற த்ரில்லர் முக்கால்வாசி இப்படித்தான். அன்பாக இருக்கிறவன் எவனோ அவன்தான் கொலைகாரன். முன்பெல்லாம் சொத்துக்காகச் சித்தப்பா செய்வார். அதுவாவது நம்பும்படி இருந்தது.

இங்கிலீஷ்காரன் மட்டும் என்ன? அவனுக்கும் இப்போது இதே நோய். ஏரிக்கரையில் ஒரு கண்ணாடி வீடு. அதில் ஒரு புருஷன் பெண்டாட்டி. முதல் ரீலில் நாய் செத்துவிடும். செல்போனில் சிக்னல் போய்விடும். கடைசியில் பார்த்தால் அவளைப் பாதுகாக்கிறேன் பாதுகாக்கிறேன் என்று சொன்னவன்தான் எல்லாவற்றுக்கும் காரணம். எனக்கு இதில் மனவருத்தமே உண்டு சார். உலகத்தில் எத்தனை ஆண்கள் பெண்டாட்டியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்! அவர்களை எல்லாம் இந்த டைரக்டர்கள் அவமானப்படுத்துகிறார்கள்.

எங்கே எழுந்துகொள்கிறீர்கள்? வெளியே நிற்கலாம் என்றா? வெயில் கொளுத்துகிறது சார், லாரிப் புகை வேறு. கண்டக்டர் சொன்னாரே, "யாரும் தூரமாப் போயிராதீங்க, எப்ப வேணா எடுத்துருவோம்"னு. உட்காருங்கள். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். இங்கே குளுகுளு என்று இருக்கிறது.

எனக்கு ஓசூர். ஒரு வார்ப்படக் கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். வார்த்து வந்த இரும்புச் சாமானில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. முப்பது வருஷமாகக் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். அந்தப் பழக்கம் படத்திலும் வரும். எந்தப் படமானாலும் ஓட்டை எங்கே என்று இடைவேளைக்குள் சொல்லிவிடுவேன். மலை உச்சி வீட்டில் மின்சாரமே இல்லை என்றானே, அப்புறம் ஃப்ரிட்ஜுக்குள் விளக்கு எப்படி எரிகிறது? செத்தவள் காதில் ஒரு தோடுதான் இருக்கிறது, இன்னொன்று எங்கே போனது என்று ஏன் ஒருவனும் கேட்கவில்லை? இப்படி. என் மனைவி கோதை, பூங்கோதை என்று பெயர், ஆரம்பத்தில் ரசித்துக் கேட்பாள். அப்புறம், "ஏங்க, படத்தைப் படமாப் பாக்க விடுங்களேன்" என்பாள். அப்புறம் ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது அவளைப் பார்க்கத்தான் சேலம் போகிறேன். அங்கே அவளுடைய சிநேகிதி ஒருத்தி, வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஹாஸ்டல் நடத்துகிறாள். கோதை அங்கேதான் இருக்கிறாள். சண்டை இல்லை சார். சண்டை போடுகிற ஆளா நான்? ஒரு சின்ன மனஸ்தாபம். இன்றைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். வரவில்லை என்றால்? அதை நான் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்றால் தூக்கம் வருவதில்லை, அதனால் யோசிப்பதில்லை.

ஆரம்பம் எங்கே என்று கேட்டால், செயின்தான். போன வருஷம் ஆடி மாதம். காய்கறி வாங்கிக்கொண்டு வந்தவளைப் பைக்கில் வந்த இரண்டு பேர் இழுத்துப்போட்டுக் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முழங்கை எலும்பு தெறித்துவிட்டது. கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு, ரொம்ப நாள் இருந்தது. நகை போனதைப் பற்றி அவள் பேசவே இல்லை. "தக்காளியெல்லாம் ரோட்டுல உருண்டுது, ஒரு பொம்பளை பொறுக்கிக் குடுத்தாங்க, நல்லவங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. அவளுக்குக் கை கூடிவிட்டது. அவள் எலும்பு மாதிரி எனக்கு அந்தப் பயம் ஆறவில்லை சார்.

அப்போது பார்த்து வீட்டில் தினமும் த்ரில்லர்தான். இந்தி ஒருநாள், இங்கிலீஷ் ஒருநாள். அதில் நல்லது என்ன என்றால் திருடன் எப்படி யோசிக்கிறான் என்று தெரிந்துவிடும். ஒரு இங்கிலீஷ் படத்தில் கொலைகாரன் ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டுத் தாழ்ப்பாளைத் திறப்பான். மறுநாளே வெல்டிங்காரரைக் கூப்பிட்டு எங்கள் க்ரில் கேட்டுக்கு மேலிருந்து கீழ் வரைக்கும் தகடு அடித்துவிட்டேன். விரல்கூட நுழையாது. "காத்து வராதுங்களே சார்" என்றார் அவர். காற்றா முக்கியம்?

அப்புறம் ஒரு இந்திப் படம். அதில் கொலைகாரன் ஒரு அபார்ட்மெண்டைத் தினம் நோட்டம் விடுகிறான். எந்தக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறதோ அங்கே ஆள் இருக்கிறது, பெண் தனியாக இருக்கிறாள் என்று தெரிந்துகொள்கிறான். வெளியே பூட்டு தொங்குகிற வீட்டை அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்குப் பொறி தட்டியது. காலையில் நான் வேலைக்குப் போகும்போது கேட்டை வெளியே பூட்டிவிட்டுப் போனால்? பார்க்கிறவனுக்கு வீட்டில் யாரும் இல்லை. உள்ளே கோதை பத்திரமாக இருப்பாள். ஏழு லீவர் பூட்டு ஒன்று வாங்கினேன். அலிகார் பூட்டு, கொண்டி என் விரல் தடிமன். கடைக்காரர், "குடோனுக்கா சார்?" என்றார். "இல்லை, வீட்டுக்கு" என்றேன். "வீட்ல அவ்ளோ இருக்கா!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

கோதையும் முதலில் சிரித்தாள் சார், அதைச் சொல்ல வேண்டும். "வெளிய பூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா தண்ணி கேன்காரர் வந்தா என்ன பண்றது? ஆளில்லாத வீட்டுக்குள்ளேர்ந்து 'ரெண்டு கேன் போடுங்க'ன்னு குரல் வந்தா அந்த மனுஷன் கேனைப் போட்டுட்டு ஓடிருவாரு" என்றாள். நான் அதையும் யோசித்து வைத்திருந்தேன். கேன் ஞாயிற்றுக்கிழமை, நான் இருக்கும்போது வரும். பகலில் யார் பெல் அடித்தாலும் பதில் சொல்லக் கூடாது. டிவி சத்தம் வெளியே வரக் கூடாது. முன்னறை விளக்கு போடக் கூடாது. "யாருமே இல்லாத மாதிரி இரு, அது போதும்" என்றேன்.

"பகல் பூராவுமா?"

"நான் வர்ற வரைக்கும்தானே."

"நான் என்னங்க, ஃப்ரிட்ஜா? கதவைத் தொறந்தா லைட் எரியணும், மூடினா அணையணுமா?"

நல்ல கேள்வி கேட்பாள் அவள். வாய் உண்டு. ஆனால் பூட்ட ஆரம்பித்த பிறகு இப்படிப்பட்ட பேச்செல்லாம் குறைந்துவிட்டது. நான் அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். முகமும் ஒரு மாதிரி அமைதியாகிவிட்டது. சாயங்காலம் நான் வந்து பூட்டைத் திறந்தால் ஹாலில் இருட்டில் உட்கார்ந்திருப்பாள். நான்தான் விளக்கைப் போடுவேன். நான்தான் காபி போட்டுக் கொடுப்பேன். ராத்திரி பால்கூட நான்தான். அப்படிப் பார்த்துக்கொண்டேன் சார்.

தெரியாத நம்பரிலிருந்து இரண்டு தடவை கால் வந்தது என்று அவளுடைய சிம்மையும் மாற்றினேன். புது நம்பர் என்னிடமும் பூனாவில் வேலை பார்க்கிற எங்கள் மகனிடமும் மட்டும்தான். அக்கம்பக்கத்தில் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களை நம்பி ஏமாறுகிற படம் எத்தனை பார்த்திருக்கிறேன்.

ஏன் சார் வாசல் பக்கமே பார்க்கிறீர்கள்? கதவு அங்கேதான் இருக்கும், எங்கேயும் போகாது. டீயா? சங்ககிரி தாண்டினால் நல்ல கடை இருக்கிறது என்பார்கள். ஓ, நீங்கள் சேலத்திலேயே இறங்கிவிடுவீர்களா. அப்படியானால் சேலத்தில் குடித்துக்கொள்ளலாம். இருங்கள், முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை. கம்பெனியில் அரை நாள்தான் வேலை. முழுநாள் என்று கோதையிடம் சொல்லியிருந்தேன். பொய் இல்லை, முழுநாள் வேலை இருக்கிற சனிக்கிழமையும் உண்டு. மாலில் ஒரு இங்கிலீஷ் த்ரில்லர் போட்டிருந்தான். எல்லாரும் பிரமாதம் என்றார்கள், போய் உட்கார்ந்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு போகலாம்தான். மாலுக்கு வருகிற கூட்டம் சரியில்லை சார்.

அந்தப் படத்தைச் சொல்கிறேன் கேளுங்கள். ஒரு பணக்கார இன்ஜினீயர் பெண்டாட்டிக்காகவே ஒரு வீடு கட்டுகிறான். கதவுக்குச் சாவியே கிடையாது. அவன் முகத்தைக் காட்டினால்தான் திறக்கும். ஒருநாள் அவன் வெளியே போன நேரத்தில் உள்ளே அவளுக்கு மூச்சுத் திணறுகிறது. கண்ணாடியைத் தட்டுகிறாள். வாசலில் பார்சல் கொடுக்க வந்தவன் காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு தலையை ஆட்டியபடியே போய்விடுகிறான். தட்டிக்கொண்டே இருக்கிறாள். உள்ளங்கை மட்டும் கண்ணாடியில் தெரிகிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது சார். ஐம்பத்து நாலு வயது ஆம்பிளை, கையில் பாப்கார்ன், கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொள்கிறேன். ஆனால் அப்போதும் மனசில் ஒரு கேள்வி. இவ்வளவு நாள் இவள் ஏன் இங்கே இருந்தாள்? முதல் நாளே கிளம்பியிருக்கலாமே? இதுதான் ஓட்டை என்று நினைத்துக்கொண்டேன்.

போனை சத்தமில்லாமல் வைத்திருந்தேன். தியேட்டரில் அதுதானே மரியாதை.

அதே நேரத்தில் எங்கள் கட்டடத்தில் கீழே மீட்டர் போர்டு பற்றிக்கொண்டது. பெரிய தீ ஒன்றும் இல்லை, அதைத் திரும்பத் திரும்ப எல்லாரிடமும் சொல்கிறேன். வெறும் புகைதான். ஆனால் மாடிப்படிக்குக் கீழேதான் போர்டு இருக்கிறது, படி வழியாகப் புகை மேலே ஏறிவிட்டது. வாட்ச்மேன் கந்தப்பன் மாடி மாடியாக ஓடிக் கதவைத் தட்டி எல்லாரையும் இறக்கியிருக்கிறார். எங்கள் மூன்றாவது மாடிக்கும் வந்திருக்கிறார். பூட்டைப் பார்த்திருக்கிறார். ஆனாலும் நல்ல மனுஷன், தகட்டில் ஒரு தட்டுத் தட்டி, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

கோதை பதில் சொல்லவில்லை.

வாட்ச்மேன் எதிர்வீட்டு ரெஹானாவையும் அவள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் கதவிடுக்கில் புகை வந்திருக்கிறது. அப்புறம் அவள் தட்டியிருக்கிறாள். அப்போது மாடியில் ஒருவரும் இல்லை. எனக்குப் போன் போட்டிருக்கிறாள். படம் முடிந்து பார்த்தால் என் போன் முழுக்க அவள் பெயர்தான், மேலே தள்ளத் தள்ள அவள் பெயர். நடுவில் இரண்டு இடத்தில் மகன் பெயர்.

ஒன்று சொல்ல வேண்டும். துண்டை நனைத்துக் கதவுக்கு அடியில் அடைத்திருக்கிறாள். அது நான் அவளுக்குப் போட்டுக் காட்டிய ஒரு இங்கிலீஷ் படத்தில் வருவது. அந்த வகையில் பார்த்தால் அவளைக் காப்பாற்றியது... சரி, விடுங்கள்.

அப்புறம் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்குப் போய், எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்திருக்கிறாள். கீழே நின்றவர்கள் முதலில் அது கோயில் சத்தம் என்று நினைத்தார்களாம். ரெஹானாதான் மேலே பார்த்து, "ஐயோ, கோதையக்கா உள்ள இருக்காங்க!" என்று கத்தியிருக்கிறாள். அதற்குள் தீயை அணைத்துவிட்டார்கள். ஆனால் பூட்டை உடைக்க முடியவில்லை. கந்தப்பன் கல்லால் அடித்துப் பார்த்தார், இரண்டாவது மாடிக்காரர் கடப்பாரை போட்டுப் பார்த்தார். ஏழு லீவர். அசையவில்லை.

நான் படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வழி மட்டும் விட்டார்கள். என் சட்டையில் பாப்கார்ன் வாசனை எனக்கே அடித்தது. ரெஹானா மட்டும், "அக்கா வேலைக்குப் போறாங்கன்னுல்ல நெனச்சிட்டிருந்தோம். எந்த ஆபீஸுன்னு ஒருநா கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பூட்டைப் பார்த்துச் சொன்னாள்.

சாவி போட்டுத் திறந்தேன். கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு. மடியில் கைப்பை. மூக்கைச் சுற்றிக் கரி. நான் பயத்தில் இருந்தேன் சார், பயத்தில் ஒரு மனுஷன் என்ன கேட்பான் என்று அவனுக்கே தெரியாது. "வாட்ச்மேன் கூப்பிட்டப்ப ஏன் பதில் சொல்லலை?" என்று கேட்டேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை. "நீங்கதான சொன்னீங்க, யாருமே இல்லாத மாதிரி இருன்னு" என்றாள். "இருந்துட்டேன்."

எழுந்து என்னைத் தாண்டி வெளியே வந்தாள். அன்றைக்கு ரெஹானா வீட்டில் இருந்துவிட்டு, மறுநாள் சேலத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். மகன் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அப்பா, அந்த நேரத்துல நீங்க படமா பாத்துட்டிருந்தீங்க?" அவ்வளவுதான், வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து நான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன் சார். அப்படி ஒரு சுபாவம் எனக்கு. எங்கே தப்பு நடந்தது? போனை வைப்ரேட்டரில் வைத்திருக்கலாமா? மீட்டர் போர்டைப் பற்றி அசோசியேஷனில் முன்பே புகார் கொடுத்திருக்கலாமா? வாட்ச்மேன் கூப்பிட்டால் மட்டும் பதில் சொல்லலாம் என்று ஒரு விதிவிலக்கு வைத்திருக்கலாமா? வேலையில் இருக்கும்போதுகூட இரும்பில் வெடிப்பைத் தேடாமல் இதையே தேடிக்கொண்டிருக்கிறேன். காலி வீட்டில் உட்கார்ந்து படம் போட்டால் மனசு ஒட்டுவதில்லை. முடிவு தெரிந்துவிடுகிறது. சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

கடைசியில் கண்டுபிடித்தேன். தப்பு பூட்டில் இல்லை, சாவியில். பூட்டோடு வந்த இன்னொன்று எப்போதோ தொலைந்துவிட்டது, ஒரே ஒரு சாவிதான் இருந்தது, அதுவும் என் பாக்கெட்டில். அதுதான் கோளாறு. உடனே டூப்ளிகேட் செய்யக் கொடுத்தேன். ஏழு லீவருக்கு டூப்ளிகேட் லேசில் ஆகாது, தருமபுரியில் ஒருவர் செய்து கொடுத்தார். இதோ பாருங்கள். மயில் போட்ட சாவிக்கொத்து, அவளுக்கு மயில் பிடிக்கும். இதைத்தான் இன்றைக்கு அவள் கையில் கொடுக்கப்போகிறேன். இனிமேல் எப்போது வேண்டுமானாலும் அவளே திறந்துகொண்டு போகலாம், வரலாம். இதற்கு மேல் ஒரு புருஷன் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன், வந்தது. "நல்லா இருக்கு. இதை எந்தப் பக்கத்துலேர்ந்து போடணும்?" என்று கேட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அந்தப் பூட்டை அவள் தொட்டதே இல்லையே. பல் கீழ்ப்பக்கம் இருக்கும்படி வைத்து வலது பக்கம் திருப்ப வேண்டும் என்று விளக்கமாக எழுதி அனுப்பினேன். அதற்கு அப்புறம் பதில் இல்லை. புரிந்திருக்கும்.

இன்றைக்கு வருவது அவளுக்குத் தெரியாது. சொன்னால் வேறு எங்கேயாவது போய்விடுவாளோ என்று ஒரு எண்ணம். மகன்தான் சொன்னான், அந்த ஹாஸ்டலில் சமையலறைப் பொறுப்பு அவளுக்காம். சாயங்காலம் கேட்டைப் பூட்டுவதும் அவள்தானாம், சாவி இடுப்பிலேயே இருக்குமாம். பார்த்தீர்களா? அங்கேயும் பூட்டுதான். பூட்டில்லாத இடம் எங்கே இருக்கிறது?

என்ன? என்ன சார் கேட்டீர்கள்? படத்துச் சத்தத்தில் கேட்கவில்லை.

பூட்டு வெளியே தொங்கினால், உள்ளே இருக்கிறவர் கையில் சாவி இருந்து என்ன பிரயோஜனம் என்றா?

கையை வெளியே விட்டுத் திறந்துகொள்ள வேண்டியதுதான்...

இல்லை. தகடு அடித்திருக்கிறேன். விரல்கூட நுழையாது.

ஜன்னல் வழியாக யாரிடமாவது சாவியைக் கொடுத்து... இல்லை, பின்பக்கத்துக்கும் கம்பி வலை. அப்படியே கொடுத்தாலும், யாருமே இல்லாத மாதிரி இருக்கிறவள் யாரைக் கூப்பிடுவாள்.

கொஞ்சம் இருங்கள் சார். ஒரு நிமிஷம்.

எந்தப் பக்கத்துலேர்ந்து போடணும் என்று கேட்டாள். நான் வலது பக்கம் திருப்பச் சொல்லி எழுதினேன். பல் கீழ்ப்பக்கம் என்று எழுதினேன். அவள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்திருப்பாள் சார். நான் டைப் பண்ணுகிறேன் என்று போனில் காட்டும் அல்லவா, அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். இந்த மனுஷனுக்கு இப்போதாவது தெரியுமா என்று. அப்புறம் பதில் வந்திருக்கும். வலது பக்கம்.

எத்தனை படத்தில் ஓட்டை சொல்லியிருக்கிறேன். ஃப்ரிட்ஜ் விளக்கு எப்படி எரிகிறது என்று கேட்டவன் நான். தருமபுரிக்குப் போய், அந்த மனுஷன் ராவுகிறவரைக்கும் எதிரே உட்கார்ந்து, பல் பல்லாகச் சரிபார்த்து வாங்கி வந்தேன். இது எங்கே நின்று திறக்கிற சாவி என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் எப்போதும் வெளியேதானே நின்றிருக்கிறேன். உள்ளே நின்று அந்தக் கேட்டை ஒருநாளும் பார்த்ததில்லை. உள்ளேயிருந்து பார்த்தால் பூட்டே தெரியாது சார். தகடு மட்டும்தான் தெரியும்.

பாருங்கள், அவன் மறுபடியும் பால் கொண்டுவருகிறான். "நான் இருக்கேன்ல." எவன் டப்பிங் பேசினானோ, ரொம்ப அன்பாகப் பேசியிருக்கிறான். அவள் வாங்கிக் குடிக்கிறாள். இவள் ஏன் முதல் நாளே கிளம்பவில்லை என்று நான் கேட்க மாட்டேன் இனி.

சொல்லாமல் போய்ப் பெண்கள் ஹாஸ்டல் வாசலில் நிற்கப்போகிறேன். கையில் சாவியோடு. படத்தில் அப்படி வந்து நிற்கிறவன் யார் என்று எனக்குத் தெரியாதா? ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவேனே. பக்கத்தில் இருக்கிறவர்களிடம் மெதுவாக, "இவன்தான்"னு.

காலையில் கிளம்பும்போதும் கேட்டைப் பூட்டிவிட்டுத்தான் வந்தேன். பழக்கம். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். ஏழு லீவர், தகடு, கம்பி வலை, எல்லாம் இருக்கிறது. உள்ளே யாரும் இல்லை. இத்தனை நாளில் இப்போதுதான் அந்தப் பூட்டு பொய் சொல்லாமல் தொங்குகிறது.

போன் போட்டுச் சொல்லலாமா? இப்படி வந்துகொண்டிருக்கிறேன், வரட்டுமா என்று. அப்படி அவளிடம் நான் கேட்டதே இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அப்படிச் சொன்னால் இறங்கி எதிர்ப்பக்கம் போக வேண்டியதுதான். அந்தப் பக்கம் ரோடு காலியாகத்தான் இருக்கிறது, ஓசூர் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. இந்தப் பக்கம்தான் நிற்கிறது.

ரிங் போகிறது.

சார், நீங்கள் இறங்க வேண்டும் என்று அப்போதே எழுந்தீர்கள். டீ குடிக்க வேண்டும் என்றீர்கள். போங்கள் சார், போங்கள். எல்லாரும் அங்கே நிழலில்தான் நிற்கிறார்கள். பஸ் கதவு அப்போதிலிருந்தே திறந்துதான் இருக்கிறது. நான்தான் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதோ, மடக்கிக்கொள்கிறேன்.